சீர் அண்டாவில் வந்த கடல்

லாரியிலிருந்து முதலில் இறங்கியது அண்டாதான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த எனக்குச் சன்னல் வழியாகத் தெரு முழுக்கத் தெரியும். நாலு ஆட்கள் பக்கத்துக்கு இரண்டு பேராக வளையத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கள் வாசற்படிக்கு நேரே அதை இறக்கி வைத்தார்கள். செப்பு அண்டா. ஒரு ஆள் உள்ளே குந்திக்கொண்டு குளிக்கலாம், அத்தனை பெரிசு. கழுத்துப் பட்டையில் புள்ளி புள்ளியாய்க் கொட்டிய எழுத்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது: ச. கலாவதி. என் தங்கை. அவள் கல்யாணத்துக்கு நானும் என் சம்சாரம் வடிவாம்பாளும் கடை கடையாய் ஏறி இறங்கி, விரலால் சுண்டிச் சுண்டி ஓசை பார்த்து வாங்கிய சீர். மெட்ராசில் அவள் குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்கவேண்டிய பாத்திரம், பிள்ளையார்பாளையத்தில் என் வாசலில் வெயிலில் மினுக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் ஜனத்தில், பெண்டாட்டி வேண்டாம் என்கிறவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. சீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து பெண் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் தீர்ந்தது. பிறகு பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசுவதெல்லாம் செத்த பிணத்துக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரிதான். கலாவதி பொங்கலுக்கு வந்தவள். ஒரு பெட்டியோடு வந்தாள்; பாத்திரம் பண்டம் எதுவும் கொண்டுவரவில்லை. அது அங்கே இருக்கிறவரைக்கும் பங்குனியானாலும் சித்திரையானாலும் திரும்பப் போய்விடுவாள் என்று நான் ஒரு கணக்குப் போட்டு நெஞ்சைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு இப்போது வாசலில் நின்றது. ஊடை நூல் ஓட்டக் கையில் வைத்திருந்த நாடா நழுவிக் குழிக்குள் விழுந்ததைக்கூட நான் எடுக்கவில்லை.

எதிர்வீட்டுச் செல்லியம்மாள் முறத்தோடு வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு மூக்கில் வேர்க்கும். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. ஒரு நொடியில் தெரு முழுக்கத் தலைகள். நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வராத மாப்பிள்ளை, இன்றைக்கு லாரியின் பின்பக்கத்தில் சட்டையெல்லாம் நனைந்து, தலையில் வைக்கோல் தூசியோடு நின்றுகொண்டிருந்தார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வேட்டி முனையைத் திருகிக்கொண்டு நின்றேன். அவரோ என்னைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தார்.

“வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் பக்கம் ஒரு கை குடுங்க. ஆடாம புடிக்கணும், தளும்புது.”

தளும்புகிறதா? சீரைத் திருப்பிக் கொடுக்கிறவன் நிறைகுடமாகவா கொடுப்பான்? மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். கருவாட்டு வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது.

“கடல் தண்ணி மச்சான். கோவளத்துலேர்ந்து புடிச்சது” என்றார் மாப்பிள்ளை கலியாணசுந்தரம், பிள்ளை பிறந்த சேதி சொல்கிற முகத்தோடு.

இந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். குடியில்லை, சீட்டில்லை, பீடிகூட இல்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. கைராசி, முகராசி எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தோம். கல்யாணமான இரண்டாம் வருஷம், ராமேஸ்வரம் ரயிலில் கார்டாக இருக்கும் அந்தோணி என்கிற சிநேகிதர் ஒரு பாட்டிலில் இரண்டு கடல் மீனைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது சனி. குளத்து மீன் வளர்க்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு பிடி பொரி, முடிந்தது கதை. கடல் மீனுக்குக் கடலே வேண்டுமாம். கடல் தண்ணீர், கடல் மணல், கடல் பாறை, அந்தப் பாறையில் பூத்திருக்கிற உயிருள்ள பூ, அலைக்குப் பதிலாகக் காற்று அடிக்கிற மிஷின், அழுக்கு பிடிக்கிற சட்டி, சட்டிக்குக் குழாய், குழாய்க்கு மேல் குழாய். கலாவதியின் சமையலறைத் தொட்டிமுற்றம் போயிற்று, பிறகு பலகாரம் வைக்கிற அலமாரி போயிற்று. அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மார்கழியில் அவளுக்கு டைபாய்டு. அந்த வருஷம் மெட்ராசில் நினைத்தால் கரண்ட் போகும். ஒருநாள் பட்டப்பகலில் ஜுரம் கொதிக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்க்கிறாளாம். புருஷன் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சைக்கிள் பம்பால் மீன் தொட்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறாராம். “எனுக்கு ஒரு விசிறி எடுக்கக் கை வரல அண்ணி. மீனுக்கு மட்டும் காத்து அடிச்சிக்கினு இருந்தாரு” என்று வடிவாம்பாளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அழுதாலாவது ஆற்றலாம். இவள் நூல் சுற்றுகிற ராட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அந்த மனிதர் அவளைக் கூப்பிட்டுப் போக வந்திருக்கிறார். நல்லது. வந்தவர் வெறுங்கையோடு வரக்கூடாதா? ஒரு முழம் பூ வாங்கி வரக்கூடாதா? “நான் வந்துட்டா அங்க மீனுக்கு யாரு மச்சான் பாப்பாங்க? லீவு போட்டிருக்கேன். அவ சரின்னு சொல்ற வரைக்கும் இங்கதான். அதான் எல்லாத்தையும் இட்டுக்கினு வந்துட்டேன்.” எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்தான். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி, வைக்கோல் சுற்றி. பிரம்புக்கூடைக்குள் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடி நிறையக் கடல் தண்ணீர். ஒரு வாளியில் பாறை. ஒரு தூக்குப்போசி நிறைய மீன், இறால், ஓட்டுக்குள் குடியிருக்கிற நண்டு. தீவன மூட்டை ஏற்றி வந்த லாரியில் இடம் கேட்டு ஏறியிருக்கிறார்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். கலாவதி நடையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கண் மீனைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“அண்ணி” என்றாள், ரொம்ப மெதுவாக. “அண்டாவ ஏன் கொண்டாந்தாருன்னு கேளுங்க.”

வடிவாம்பாள் கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கேள்வியின் கனம் தெரிந்தால்தானே? “வேற பெரிய பாத்திரம் இல்லக்கா” என்றார்.

கலாவதி உள்ளே போய் ராட்டை முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இந்த மாதிரி ஒரு பதிலைச் சொல்லத் தெரிந்த மனிதனைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்தேனே என்று எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவர் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்ல முடியுமா? அதுவும் தங்கையை வாழ வைக்கவேண்டிய நேரத்தில்? “கால் கழுவிக்கினு வாங்க மாப்பிள்ளை, பலகாரம் ஆறிடும்” என்றேன். என் வாய்தான் சொன்னது.

கடலை வைக்க இடம் வேண்டுமாம். இருந்த ஒரே பெரிய இடம் தறி இருக்கிற கூடம். தறியில் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் முழுக்கச் சரிகைப் புட்டா, பூப்பூவாக. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தால் சரிகை கறுத்துவிடும். நான் இரண்டு வேட்டியை மடித்துத் தறியில் நீட்டியிருந்த பாவு நூலின் மேல் போர்த்திவிட்டு, நாள் முழுக்க அவருக்குச் சித்தாள் வேலை பார்த்தேன். தொட்டியை ஒரு பெஞ்சின் மேல் வைத்தாயிற்று. அதற்கு மேலே, பூ வேலைக்கான பழைய ஜக்கார்டு பெட்டி தொங்கின இரண்டு உத்திரக் கட்டைகளில் பலகை போட்டு அண்டாவை ஏற்றவேண்டும் என்றார். மேலே அண்டா, நடுவே மீன், கீழே ஒரு மண்தொட்டி. அண்டாவிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மணலும் கரியும் போட்ட பூச்சட்டியில் வடிகட்டி மீனுக்கு விழும். மீன் தொட்டி நிரம்பினால் பக்கக் குழாய் வழியாக மண்தொட்டிக்கு வழியும். “அப்புறம்?” என்றேன். “அப்புறம் அத வாளியில மொண்டு மேல அண்டாவுல ஊத்தணும்.” “யாரு?” என்று கேட்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “மோட்டார் வாங்கற வரைக்கும்தான் மச்சான்” என்றார்.

குழாய் மாட்ட அண்டாவின் அடியில் ஒரு ஓட்டை போட்டால் சுளுவாக இருக்கும் என்று அவர் சொன்னபோதுதான் வடிவாம்பாளுக்குப் பொறுமை போயிற்று. “சீர் அண்டாவுல ஓட்டையா? நல்லா இருக்குதே நியாயம்! குடும்பம் நடத்தறவங்க பேசற பேச்சா இது?” என்று சட்டுவத்தோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நல்லவேளை, மாப்பிள்ளை பின்வாங்கினார். குழாயை அண்டாவின் வாய்வழியாக உள்ளே விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி இறக்கினார். உறிஞ்சும்போது ஒரு வாய் கடல் தண்ணீர் அவர் வயிற்றுக்குள்ளேயே போயிற்று. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கமாட்டேன். சொட்டு வேகத்தைக் குறைக்க, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற குழாயின் கிளிப்பு. காற்று போக, சைக்கிள் வால்வு ட்யூப். எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் காற்று மிஷின் வண்டுபோல ரீங்கரித்தது. தண்ணீருக்குள் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், பாறையில் பூத்திருந்த பூவுக்குள் புரண்டன. கடல் சாமந்தி என்று அதற்குப் பெயர் சொன்னார். அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிளிப்பு நழுவியது. அண்டாவின் தண்ணீர் தரையெல்லாம் ஓடி, தாழ்வான இடம் தேடி, என் தறிக்குழிக்குள் போய் நிறைந்துவிட்டது. பரம்பரை பரம்பரையாக என் வீட்டு ஆண்கள் கால் வைத்த குழியில் முழங்கால் அளவுக்குக் கடல். நான் செம்பை எடுத்து மொள்ளத் தொடங்கினேன். மாப்பிள்ளை பக்கத்தில் குந்திக்கொண்டு, “கீழ ஊத்திடாதீங்க மச்சான், வடிகட்டிக்கினு மறுபடியும் விட்டுரலாம்” என்றார். பரமேஸ்வரா, எனக்குப் பொறுமையைக் கொடு என்று மனசுக்குள் கும்பிட்டேன். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வேறு வார்த்தை வந்திருக்கும்.

வெளியே போனால் அதற்குமேல். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே அண்டா மூடியே போதவில்லை. நூல் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற குரலில், “சீர் திரும்பி வந்துட்டுதாமே” என்றார். “அது மீன் வளக்கறதுக்குங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இரண்டு பங்கானது. செல்லியம்மாளிடமும் சொல்லிப் பார்த்தேன். “த பாரு சம்பந்தம், எங்கிட்ட மறைக்காத. எந்த மனுஷன் பொண்டாட்டி சீர் அண்டாவுல கடல் தண்ணி கொண்டாருவான்? அவரு விலக்கறாரு, நீ வெளிய சொல்ல வெக்கப்படற. ஜாதிப் பெரியவங்க வந்து கேக்கறதுக்குள்ள அவரு கையால அத எடுத்துக்கினு போவச் சொல்லு” என்றாள். அவள் சொன்னதில் தப்பு என்ன? எந்த மனுஷன் கொண்டு வருவான்? எனக்கே விடை தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. அவருக்கு வேறு கவலை. முதலில் இறால் செத்தது. பிறகு நண்டு ஓட்டைவிட்டு வெளியே வந்து மல்லாந்து கிடந்தது. கடல் சாமந்தி வாடின பூப்போலச் சுருங்கி, ஒரு கைப்பிடி சதையாகிப் பாறையோடு ஒட்டிக்கொண்டது. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அங்க எல்லாம் நல்லாத்தானே இருந்திச்சு. இங்க வந்துதான் போவுது. இந்த ஊரு காத்துல சாயப் புகை ஜாஸ்தி மச்சான்” என்றார். கேட்டீர்களா நியாயத்தை? எங்கள் ஊர்க் காற்றைக் குடித்துக்கொண்டு ஏகாம்பரநாதரே இருக்கிறார், இவர் இறாலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்! என்ன வைத்தியம் செய்தார் தெரியுமா? தண்ணீர் பழசாகிவிட்டது என்று சொல்லி, அண்டாவிலிருந்து இறங்குகிற சொட்டை இன்னும் வேகமாக்கினார். ஜாடிகளில் இருந்ததை, கடைசிக் கையிருப்பு என்று தொடாமல் வைத்திருந்தார்.

இத்தனைக்கும் நடுவில், வந்த வேலையை அவர் மறந்தாரா என்றால், மறக்கவில்லை; பேசத் தெரியவில்லை. கலாவதி நூல் சுற்றுகிற அறை வாசலில் போய் நிற்பார். அவள் ராட்டையை வேகமாகச் சுற்றுவாள். இவர் தொண்டையைக் கனைப்பார். “அந்தப் பெரிய மீன் இன்னிக்கு ஒண்ணும் தின்னல” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். பெண்டாட்டியிடம் சமாதானம் பேசப் போகிற ஆண்பிள்ளை பேசுகிற பேச்சு! எனக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாமா என்று வரும். அவள் தானாகப் போகமாட்டாள், இவர் கூப்பிடமாட்டார், அண்டா இங்கேயே இருக்கும், தெரு தீர்ப்பை எழுதிவிடும். என் தங்கையின் வாழ்க்கை என் கண்ணெதிரே மீனோடு மீனாகச் சாகிறதே என்று எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கொடியேறின மறுநாள் காலையில், நான் நெய்துகொண்டிருக்கும்போது காற்று மிஷினின் ரீங்காரம் சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது. மாப்பிள்ளை எழுந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த என் சைக்கிள் பம்பு அவர் கண்ணில் பட்டது. ‘வேண்டாம் மாப்பிள்ளை, அதை மட்டும் எடுக்காதீங்க’ என்று நான் வாயெடுப்பதற்குள் அதை எடுத்து, வால்வு ட்யூபில் சொருகி, நடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். புஸ், புஸ், புஸ்.

உள்ளே ராட்டைச் சத்தம் நின்றது.

கலாவதி கூடத்துக்குள் வந்தாள். அவர் வந்ததிலிருந்து அவள் அங்கே காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. வியர்த்துப்போன அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தறியை நிறுத்திவிட்டேன். வடிவாம்பாள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். ஒரு மீன் அதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. மற்றது மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“அண்ணி, அவர எந்திரிக்கச் சொல்லுங்க. நான் என் அண்டாவப் பாக்கணும்.”

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். பம்பு கையிலேயே நின்றது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூடியைத் தள்ளி, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்விளிம்பில் ஒரு விரலால் வழித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அந்த விரலைப் புருஷனிடம் காட்டவில்லை, வடிவாம்பாளிடம் நீட்டினாள். மயில் கழுத்து மாதிரி பச்சை.

“இது இன்னா அண்ணி?”

“செப்புக் களிம்பு.”

“ஈயம் பூசாத செப்புல ஊறுகா போட்டு வைப்பீங்களா?”

“ஐயையோ, புளித்தண்ணி கூட ஊத்தமாட்டனே! விஷமாயிடாதா?” என்ற வடிவாம்பாள், சொல்லி முடிப்பதற்குள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இதைத்தான் சொட்டு சொட்டா அதுங்களுக்கு ஊட்டிக்கினு இருக்காரு. கம்மியா இருக்குதுன்னு ஜாஸ்தியா வேற தொறந்து விட்டாரு.”

எங்கள் வீட்டில் பால் குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும், செப்புப் பாத்திரத்தில் உப்பும் புளியும் ஆகாது என்று. நான் வாளி வாளியாக மொண்டு மேலே ஊற்றினேனே, ஒரு தடவை உள்ளே உற்றுப் பார்த்தேனா? அந்த அண்டா வாசலில் இறங்கியதிலிருந்து நானும் வடிவாம்பாளும் தெருவும் அதைச் சீராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்திரமாக அதைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. “எனுக்குத் தெரியாது கலா” என்றார். எங்கள் எதிரில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பம்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு நீ தூங்கறன்னு நெனச்சேன்” என்றார்.

“தூங்கல.”

அவ்வளவுதான். அவர் பதில் ஏதாவது சொல்வார், சாக்குப்போக்குச் சொல்வார், நான் எழுந்து நடுவில் புகவேண்டிவரும் என்று காத்திருந்தேன். அவர் கண்தான் கலங்கியது. அழுகிறாரா, அதுவும் மீனுக்காகவா என்று எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது. உடனே, மீனுக்காக இல்லை என்றும் பட்டது. எதுவாயிருந்தாலும் அழத் தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கலாவதி எங்களை நிற்கவிடவில்லை. “ண்ணா, அந்தக் கொழாயப் புடுங்கு. அண்ணி, ஆவக்கா ஜாடிய காலி பண்ணிக் கழுவிக் குடுங்க.” பீங்கான் ஜாடி வந்தது. கண்ணாடி ஜாடியில் சுத்தமாக இருந்த கடல் தண்ணீரை அதில் ஊற்றினாள். சாகாமல் இருந்த ஒரே ஒரு மீனைத் தன் உள்ளங்கையைக் குவித்து எடுத்து அதில் விட்டாள். சுருங்கிக் கிடந்த கடல் சாமந்தியை, பாறையோடு, இன்னொரு ஜாடியில் மெல்ல இறக்கினாள். இதெல்லாம் அவளுக்கு எப்படி இத்தனை பழக்கம் என்று நான் யோசித்தேன். மூன்று வருஷம் அந்த வீட்டில் அவளும்தானே இருந்திருக்கிறாள். “அதுக்குக் காத்து வேணும்” என்று மாப்பிள்ளை முனகினார். அவள் பம்பை அவர் மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்படியாக, பிள்ளையார்பாளையத்துத் திருஞானசம்பந்தமாகிய நான், முகூர்த்தப் புடவையைத் தறியில் போட்டுவிட்டு, சன்னலோரமாக ஊறுகாய் ஜாடிக்குக் காற்று அடிக்க உட்கார்ந்தேன். என் தலையெழுத்து.

அண்டாவை நானும் மாப்பிள்ளையுமாக அதற்கு முன்பே இறக்கிக் கவிழ்த்து, தண்ணீரைப் புழக்கடைச் சாக்கடைக்கு விட்டாயிற்று. காலி அண்டாவைக் கலாவதி காலால் உருட்டிக்கொண்டே வாசலுக்குக் கொண்டுபோனாள். கணகணவென்று அது கோயில் மணிபோலத் தெருவுக்கே கேட்டது. அது நின்ற இடம், லாரியிலிருந்து இறங்கிய அதே இடம். ஒரு உருண்டைப் புளியையும் ஒரு பிடி சாம்பலையும் தேங்காய் நாரையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, நடையைப் பார்த்து நின்றாள்.

யாரும் எதுவும் சொல்லாமலே மாப்பிள்ளை வெளியே போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். நடுத்தெருவில் குந்தினார். புளியை எடுத்தார்.

வடிவாம்பாள் பதறிப்போய் ஓடினாள். “ஐயோ, இன்னா இது! மாப்பிள்ளை கையால பாத்திரம் தேய்க்க விடறதா? ஊரு சிரிக்கும், குடுங்க இப்பிடி!” எனக்கும் பாதி உயிர் போயிற்று. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை தான் குடித்த தம்ளரை நகர்த்தி வைத்தாலே எங்களுக்குக் குற்றம். இங்கே அவர் தெருவில் குந்திக்கொண்டு சாம்பலும் புளியுமாக அண்டா தேய்க்கிறார்.

“விடுங்க அண்ணி” என்றாள் கலாவதி.

செல்லியம்மாள் முறத்தோடு வந்தாயிற்று. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் குச்சியைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. வெளிப்பக்கத்தைத் தேய்த்தார். கழுத்துப் பட்டையைத் தேய்த்தார். எழுத்துக்களின் புள்ளிகளில் அடைந்திருந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு அண்டாவைச் சாய்த்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டுத் தேய்த்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும், நனைந்த வேட்டியும்தான்.

“இன்னாடி கலா, அண்டா இங்கயா, அங்கயா?” என்று செல்லியம்மாள் கேட்டேவிட்டாள். தெரு முழுக்க அதற்குத்தான் காத்திருந்தது. நானும்தான். பம்பை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

கலாவதி அந்தப் பக்கம் திரும்பாமல், ஒரு செம்புத் தண்ணீரை அண்டாவுக்குள் ஊற்றி அலசிவிட்டு, வெயில் உள்ளே விழும்படி வாயைத் திருப்பிவைத்தாள். குனிந்து பார்த்தாள்.

“அடியில இன்னும் பச்சை இருக்குது. தேய்ங்க.”

‘தூங்கல’ என்ற ஒரு சொல்லைத் தவிர, பொங்கலுக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. வடிவாம்பாள் வாசலிலிருந்து உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அங்க இல்ல. இங்க.” அவளும் முழங்காலிட்டுத் தலையை உள்ளே விட்டாள். இப்போது இரண்டு பேருடைய தலையும் வெளியே தெரியவில்லை. அண்டாவுக்குள் அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. செப்புக்குள் எல்லாம் கும்மென்று கலந்து, சங்கைக் காதில் வைத்தாற்போல வெறும் இரைச்சலாகத்தான் வெளியே வந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. எனக்குப் பின்னால் கரண்ட் வந்து, கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் காற்று மிஷின் தானாக ரீங்கரிக்கத் தொடங்கியது. அதை நிறுத்தினாலாவது கேட்குமா என்று நான் எட்டி ஸ்விட்சை அணைத்தேன். அப்போதும் கேட்கவில்லை. தெருவில் செல்லியம்மாள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அண்டாவை நோக்கி ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.